வீட்டுக்கு ஏழு நாள், வயலுக்கு எதுவுமில்லை

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாகப் போகும் மேல்மலைச் சாலை கவுஞ்சியைத் தாண்டிப் பூண்டிக்கும் கிளாவரைக்கும் போகிறது. சாலையோரச் சரிவெல்லாம் படிப்படியாக வெட்டிக் கல் அடுக்கிய தோட்டங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் பூமி. இங்கே சர்வேயர் நாலடி உள்ளே தள்ளிக் கல் நட்டால் ஒரு படித்தட்டே கைவிட்டுப் போகலாம்.

பழனி மலையில் ஏறியதாகப் பதிவாகியிருக்கும் முதல் ஐரோப்பியரே ஓர் அளவையாளர்தான். திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்து முடித்திருந்த பி.எஸ். வார்டு, 1821-இல் வெள்ளகவி வழியாக மேலே வந்து மலையை வரைபடத்தில் ஏற்றினார். அமெரிக்க மதுரை மிஷனார் கொடைக்கானலில் குடியேறியது 1845-இல். மேஜர் லா 1870-களில் தடம் வகுத்த மலைச்சாலை முடிய 1914 வாக்கில் ஆயிற்று. அளவுச் சங்கிலி எப்போதுமே ஒரு தலைமுறை முன்னால் வந்துவிடுகிறது.

சமவெளியில் அது வந்த விதம் இன்னும் தடபுடல். 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து நில அளவை வேலையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தன் தியோடலைட்டை 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றப் பார்த்தார். கயிறு அறுந்தது, கருவி சுவரில் மோதிச் சேதமானது. தென்னையும் பனையும் மறைக்கும் நாட்டில் தூரத்தைப் பார்க்கக் கோயிலை விட்டால் அவருக்கு வேறு உயரம் கிடைக்கவில்லை.

பிறருக்கு உரிய நிலத்தில் கால் வைப்பதற்குச் சட்டம் தந்த வடிவம் 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தில் தெளிவாகத் தெரியும். அதன் 4-ஆம் பிரிவுப்படி, அரசு அறிவிக்கை வெளியிட்டதும் அதிகாரியும் ஆட்களும் உள்ளே நுழையலாம். அளக்கலாம், மட்டம் பார்க்கலாம், மண்ணைத் துளைத்துச் சோதிக்கலாம். வேலை நடக்க வேறு வழியில்லையென்றால் நிற்கும் பயிரையும் வேலியையும் வெட்டலாம். குடியிருக்கும் வீட்டுக்கோ அதை ஒட்டிய அடைப்புத் தோட்டத்துக்கோ மட்டும், சம்மதம் இல்லாவிட்டால் ஏழு நாள் முன்கூட்டி எழுத்தில் அறிவிக்க வேண்டும். வயலுக்கு அந்த ஏழு நாள் கிடையாது. நேர்ந்த சேதத்துக்கு அதிகாரி அங்கேயே பணம் தர வேண்டும் என்றது 5-ஆம் பிரிவு. தொகை போதாது என்று தகராறு வந்தால் கலெக்டர் சொல்வதே முடிவு. வீடு ஒருவனுடைய கோட்டை என்று நம்பிய இங்கிலாந்துக்காரர்களுக்கு, சோறு போடும் நிலமும் அப்படித்தான் என்பது உறைக்கவில்லை போலும்.

2013-இல் வந்த புதிய நிலச் சட்டம் இதைத் திருத்தியது. அதன் 12-ஆம் பிரிவின்படி, உரிமையாளரோ அவர் எழுதிக் கொடுத்த ஆளோ இல்லாமல் அளவை நடக்கக் கூடாது. அவர் இல்லாமல் நடத்துவதென்றால் குறைந்தது அறுபது நாள் முன்பே அறிவிப்பு தர வேண்டும்.

ஆனால் நெடுஞ்சாலைகள் இந்த வாசல் வழியே வரவில்லை. 1956-இன் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 1997-இல் சேர்த்த 3பி பிரிவு தனியாக நின்றது: நிலம் எடுக்கும் எண்ணத்தைச் சொல்லும் 3ஏ அறிவிக்கை வந்தாலே நுழைந்து அளக்கலாம், துளைக்கலாம், குழி வெட்டிக் குறியிடலாம். பழைய சட்டம் வீட்டுக்குத் தந்த ஏழு நாள்கூட அந்தப் பிரிவில் இல்லை. இதன் பொருள் என்ன என்பதைச் சேலம்–சென்னை எட்டு வழிச்சாலை காட்டியது. 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய்த் திட்டம். 2018-இல் போலீஸ் பாதுகாப்போடு அதிகாரிகள் வயல்களில் கல் நட்டார்கள். பெண்கள் அழுது மறித்தார்கள். நட்ட கல்லைப் பிடுங்கியவர்களும் உண்டு. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் 3ஏ அறிவிக்கை செல்லும் என்றது. அதற்குள் அரசின் பெயருக்கு மாற்றப்பட்டிருந்த வருவாய்ப் பதிவுகளை மட்டும் பழையபடி உரிமையாளர் பெயருக்கே திருப்பச் சொன்னது.

மாநிலச் சாலைகளின் கதை வேறு வழியில் போய் அதே இடத்தில் நின்றது. 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தை 2013 சட்டத்தின் பிடியிலிருந்து விலக்க, தமிழக அரசு அந்த 2013 சட்டத்திலேயே 105ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. உடனே இன்னொரு சட்டம் இயற்றி அரசு அதற்கு உயிர் கொடுத்தது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆகவே நாளை மாநில நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் கவுஞ்சிப் பக்கம் ஒரு கொண்டை ஊசி வளைவை அகலப்படுத்த நிலம் எடுத்தால், பூண்டு போட்டவர் அந்த அறுபது நாளைக் கேட்டு வாங்க முடியாது.