விளக்கேற்றும் நேரம்

இரண்டு வீடுகளின் மின்கட்டணச் சீட்டில் அலகுகளின் தொகை ஒன்றாகவே இருக்கலாம். ஆயினும் அவ்விரு வீடுகளுக்கும் மின்சாரம் வழங்க ஆகும் செலவு ஒன்றாக இருப்பதில்லை. ஒரு வீட்டிலே பத்து விளக்குகள் மாலையில் ஒரு மணி நேரம் எரிகின்றன. மற்றதிலே ஒரேயொரு விளக்கு பத்து மணி நேரம் எரிகின்றது. மின்மானி இரண்டுக்கும் ஒரே அளவைத்தான் காட்டும். ஆனால் முதல் வீட்டின் பொருட்டு மின்னிலையம் பத்து மடங்கு வலுவை ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். எஞ்சிய இருபத்துமூன்று மணி நேரமும் அவ்வியந்திரத்துக்கு வேலையில்லை. அதற்கிட்ட முதலுக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டேயிருக்கும்.

ஜோன் ஹொப்கின்சன் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1892ஆம் ஆண்டில் இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துரைத்தார். அதற்கு உருக்கொடுத்தவர், கடற்கரை நகரான பிறைற்றனில் மின்பொறியியலாளராகப் பணியாற்றிய ஆதர் றைற் என்பவர். அவர் அமைத்த கருவி மிக எளியது. வளைந்த கண்ணாடிக் குழாயொன்றில் திரவம் இருக்கும். மின்னோட்டம் கூடக்கூட ஒரு முனையிலுள்ள காற்றுச் சூடேறி விரியும். திரவம் மறுபுறம் தள்ளுண்டு, அளவு குறித்த சிறு குழாயினுள் வழியும். வழிந்தது தானாகத் திரும்பாது. ஆகவே, அவ்வீட்டார் ஒரே வேளையில் அதிகபட்சம் எவ்வளவு மின்சாரம் எடுத்தனர் என்பது அதில் நிலையாகப் பதிந்துவிடும். அந்த உச்ச அளவுக்கேற்ப முதற் பகுதி அலகுகளுக்கு உயர்ந்த விலை. அதற்கு மேற்பட்டவற்றுக்குக் குறைந்த விலை. நெடுநேரம் விளக்கெரிப்போருக்கு இம்முறை நன்மையாயிற்று. அந்தியில் விளக்கேற்றி விரைவில் உறங்கச் செல்லும் எளிய குடும்பத்துக்கு அலகொன்றின் விலை கூடியது. கணக்கு நேர்மையானதுதான், கருணையுடையது என்று சொல்வதற்கில்லை.

எடிசனிடம் செயலாளராயிருந்து, பின்னர் சிக்காக்கோ நகரின் மின்சாரக் கம்பனிக்குத் தலைவரான சாமுவேல் இன்சல் 1894ஆம் ஆண்டில் பிறைற்றனுக்குச் சென்றார். அங்குக் கடைகளிலே விளக்குகள் தாராளமாக எரியக் கண்டு வியந்து, காரணத்தை வினவி அறிந்தார். சில ஆண்டுகளில் சிக்காக்கோவிலும் இம்முறை வந்தது. ஆனால் அவர் அத்துடன் அமையவில்லை. பல வீடுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் என்ன தோன்றும் என்று ஆராய்ந்தார்.

1914ஆம் ஆண்டில் அவர் காட்டிய எடுத்துக்காட்டொன்று புகழ்பெற்றது. சிக்காக்கோவின் வடபகுதியிலே ஒரு தொகுதியில் 193 மாடிவீடுகள் இருந்தன. ஒவ்வொரு வீட்டின் உச்சத் தேவையையும் தனித்தனியே கூட்டினால் 68.5 கிலோவாற்று வந்தது. ஆனால் அத்தொகுதி முழுவதும் சேர்ந்து எந்த வேளையிலும் எடுத்த உச்சம் ஏறத்தாழ 20 கிலோவாற்று மாத்திரமே. காரணம் விந்தையானதன்று. ஒருவர் வேலையிலிருந்து முந்தி வருவார். ஒருவர் பிந்தி வருவார். ஒரு வீட்டிலே பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும்போது அடுத்த வீட்டார் வெளியே சென்றிருப்பர். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி இயந்திரம் அமைப்பதாயின் தேவைப்படும் வலுவில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவானது, எல்லாருக்கும் பொதுவாக அமையும்போது போதுமாயிற்று. வாழ்க்கைமுறைகளின் வேற்றுமையே மின்சாரத்தை மலிவாக்கியது. செல்வர் வீட்டு ஆடம்பரமாயிருந்த மின்னொளி சாதாரண மக்களின் இல்லங்களையும் எட்டியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இலங்கையிலோ இந்த வேற்றுமை அந்திப்பொழுதில் பெரிதும் சுருங்கிவிடுகின்றது. புவிமத்திய கோட்டுக்கு அணித்தான இத்தீவில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ ஒரே வேளையில் மறைகின்றது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வீடுகள் ஒருங்கே விளக்கேற்றுகின்றன. நேரத்துக்கேற்ற கட்டணமுறையில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையுள்ள வேளை உச்சநேரமாகக் குறிக்கப்பட்டது இதனாலேயே. சாதாரண வீடுகளுக்கோ பல்லாண்டுகளாகப் படிமுறைக் கட்டணமே வழங்கிவந்துள்ளது. கூடுதலாகச் செலவிடுவோருக்கு அலகின் விலை ஏறும். றைற்றின் முறைக்கு இது நேர்மாறு. இரண்டு மின்குமிழ்களோடு அமையும் குடிசையை இது காத்தது. ஆனால் அந்தி ஏழு மணிக்கு மின்னழுத்தியைச் சூடேற்றும் வீட்டையும், அதே வேலையை நண்பகலில் முடித்துக்கொள்ளும் வீட்டையும் அந்தச் சீட்டு வேறுபடுத்திக் காட்டவில்லை.