பட்ட மரமும் எந்திர உளியும்

போன்சாய் மரத்தின் பட்டுப்போன கட்டையைச் செதுக்கி அதையே அழகாக்கும் வழக்கம், ஜப்பானிய மலைகளிலிருந்து பெயர்த்து வரப்பட்ட ஜூனிபர் மரங்களால் வேரூன்றியது. தொட்டியில் மரத்தைக் குறுக்கி வளர்க்கும் கலை அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. சீனாவில் 706-ஆம் ஆண்டைச் சேர்ந்த இளவரசர் சாங்ஹுவாயின் கல்லறைச் சுவரோவியத்திலேயே குட்டிச் செடிகளும் கற்களும் வைத்த தட்டை ஏந்திய பணியாளர் இருக்கிறார். ஜப்பானின் ‘கசுகா கோங்கென் கெங்கி’ ஓவியச் சுருளில் தொட்டி மரங்கள் தென்படுவது 1309-இல்.

ஷிம்பாக்கு எனப்படும் மலை ஜூனிபரைத் தேடி ஆட்கள் முதலில் ஷிக்கோக்குத் தீவின் இஷிசுச்சி மலைக்கும், பிறகு நீகாத்தா பகுதியில் இத்தோயிகாவாவை ஒட்டிய சுண்ணாம்புப் பாறைகளுக்கும் போனார்கள். கயிற்றில் தொங்கி இறங்கி எடுக்க வேண்டிய மரங்கள் அவை. பாறை இடுக்கில் நின்ற மரத்தைப் பனியும் காற்றும் உருண்டு விழும் கல்லும் உரித்துப்போட்டிருக்கும். குறுகலான ஒரு பட்டைக்கீற்று வேருக்கும் உச்சிக்கும் இடையே உயிரைப் பிடித்து வைத்திருக்க, மீதி உடம்பெல்லாம் வெளுத்த கட்டை. ஜூனிபரின் வைரத்தில் பிசின் ஏறியிருப்பதால் பட்ட பிறகும் அது லேசில் உளுத்துப்போகாது. கிளை நுனியில் நீட்டி நிற்கும் பட்ட கட்டைக்கு ஜின் என்றும், அடிமரத்தில் ஓடும் பட்ட பகுதிக்கு ஷாரி என்றும் பெயர் வந்தது. எடுத்துக்கொண்டே இருந்ததில் சில பத்தாண்டுகளுக்குள் நல்ல மரங்கள் மலையில் அருகிப்போயின. காற்றும் பனியும் செய்து வைத்த வேலையை மனிதர் கையால் செய்யத் துணிந்ததில் இந்தத் தட்டுப்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

கைவேலைக்கு இருந்தவை உளியும் குறடும் வெட்டுக்குறடும்தான். குறடால் நாரைப் பற்றி இழுத்துக் கிழித்தால், மரம் தன் நார் ஓடும் திசையிலேயே பிளந்து கொடுக்கும். அதனால் கிடைக்கும் பரப்பு பொய்யாகத் தெரியாது. ஆனால் தொடை பருமனுள்ள வைரக்கட்டையில் இது மாதக்கணக்கில் இழுக்கும். தடித்த அடிமரங்களை வாங்க ஆளில்லாமல் ஒதுக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

வழி பிறந்தது இரும்புப் பட்டறையிலிருந்து. ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் 1895-இல் மின்சாரத் துளைப்பான் செய்தது. அமெரிக்காவின் ரசீன் நகரில் 1932-இல் தொடங்கிய டிரெமெல் நிறுவனம் கைக்கு அடக்கமான சுழல்கருவியைக் கொண்டுவந்தது. இரும்பை அறுக்கவும் தேய்க்கவும் உதவும் ஆங்கிள் கிரைண்டரை ஃபிளெக்ஸ் நிறுவனம் 1954-இல் சந்தைக்கு விட்டது. இவற்றில் எதுவும் தோட்டக்காரரை நினைத்துச் செய்யப்பட்டதல்ல.

அவற்றைத் தொட்டி மரத்தின் பக்கம் திருப்பியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் மசாஹிகோ கிமுரா. 1940-இல் பிறந்த அவர், 1923 நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவிலிருந்து இடம்பெயர்ந்த வளர்ப்பாளர்கள் 1925-இல் அமைத்த ஓமியா போன்சாய் கிராமத்தில், தம் 15-ஆம் வயதில் மோட்டோசுகே ஹமானோவிடம் சீடராகச் சேர்ந்து 11 ஆண்டுகள் பயின்றார். பிறகு சில காலம் செடி வியாபாரம் செய்துவிட்டு மீண்டும் போன்சாய்க்குத் திரும்பினார். சங்கிலி ரம்பம், கிரைண்டர், மணல் பீய்ச்சும் கருவி, தாமே வடிவமைத்த சுழல் உளிகள் என எல்லாவற்றையும் பயன்படுத்தினார். அவருடைய துணிச்சல் செதுக்கலோடு நிற்கவில்லை. தடித்த அடிமரத்தின் பட்ட பகுதியைப் பின்புறமாகக் குடைந்தெடுத்து, மிஞ்சிய உயிருள்ள பகுதியைக் கம்பி கட்டி வளைத்தார். வளையாது என்று தள்ளப்பட்ட மரங்கள் இப்படித்தான் விலைமதிப்புப் பெற்றன. எந்திரத்தின் உண்மையான சாதனை இதுவே, வேகம் இரண்டாம்பட்சம்.

மரபில் ஊறியவர்கள் முகம் சுளித்தார்கள். மரத்தை வளர்ப்பதா, சிற்பம் வடிப்பதா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. சுழல் பல் விட்டுச்சென்ற வட்டத் தழும்பு தெரியும் வேலைகளைப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதும் புரியும். தேர்ந்தவர்கள் எந்திரத்தால் பருமனைக் குறைத்துவிட்டு, கடைசிப் பரப்பைக் கையால் கிழித்தும் கம்பித் தூரிகையால் தேய்த்தும் முடிப்பார்கள். வெளுப்பும் காப்பும் தருவது சுண்ணாம்பு–கந்தகக் கரைசல். பழத்தோட்டப் பூசணங்களுக்குத் தெளிக்கும் அதே மருந்து, அழுகிய முட்டை நாற்றத்துடன்.

1989-இல் ஓமியாவில் முதல் உலகப் போன்சாய் மாநாடு கூடியது. அக்காலத்தை ஒட்டி எந்திரச் செதுக்கலும் ஜப்பானைத் தாண்டி, ஐரோப்பாவில் யூ மரத்துக்கும் ஆலிவுக்கும் பரவியது. வெப்ப மண்டலத்தில் அதற்கு வாய்த்த மரம் கடலோரப் பாறைகளில் வளரும் பெம்ஃபிஸ். இந்தோனேசியாவில் சந்திகி என்பார்கள். கட்டை இரும்பாக இருக்கும். மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் அது உண்டு, ஆனால் அத்தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா என்பதால் கை வைக்க முடியாது.

தமிழ்நாட்டில் எந்திரத்துக்குப் பஞ்சமில்லை. நாலு அங்குல கிரைண்டரான ஏஜி-4 ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தின் வெல்டிங் பட்டறைகளில் சாதாரணமாகப் புழங்குவது. மாமல்லபுரத்தில் கருங்கல்லையே அதனால் அறுக்கிறார்கள். தடை இருப்பது தட்பவெப்பத்தில். சென்னைச் சுற்றுவட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு காகிதப்பூக் கட்டையை ஜூனிபர் மாதிரி வெளுக்கச் செதுக்கி வைத்தால், மென்மரமான அது சில மழைக்காலங்களிலேயே சொதசொதத்துவிடும். மண்ணைத் தொடும் இடத்தில் கரையானும் ஏறும். ஆலும் இச்சியும் வேறு மாதிரி: காயத்தின் மேல் பட்டை உருண்டு வந்து மூடிவிடும்.

புளிதான் இங்கே பொருந்தும். அதன் கருஞ்சிவப்பு வைரம் கடினமானது. வயதான சாலையோரப் புளியில் பொந்து விழுவதும் இயல்பு. எனவே நீட்டிய வெள்ளைக் கொம்பைவிடப் பொந்துதான் இம்மண்ணில் நம்பும்படி இருக்கும். பொந்தைக் குடையும்போது அடியில் நீர் வடிய ஒரு துளை விட வேண்டும். பட்ட பகுதி நன்றாகக் காய்ந்து, உயிருள்ள பட்டையின் விளிம்பு தெளிவான பிறகே எந்திரத்தைத் தொட வேண்டும். பச்சை மரத்தில் ஓட்டினால் உயிர்க்கோடு எங்கே முடிகிறது என்பது தெரியாமல் அறுபட்டுவிடும். முகக்கவசம் இல்லாமல் இந்தத் தூளில் நிற்கக் கூடாது.

கட்டைக்கு எங்கே போவது என்பது சட்டம் சம்பந்தப்பட்டது. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்கீழ் வரும் காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றி எதையும் பெயர்க்க முடியாது. அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில், 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி தேவை. சமவெளியில் மிஞ்சுவது வீட்டுமனைக்கும் தொழிற்சாலைக்கும் நிலம் திருத்தும்போது உரிமையாளர் அகற்றும் தூர்கள். வேரோடு எடுத்த அத்தகைய தூரை நிழலில் நட்டு, புதுத் தளிர் நிலைத்து வேர் பிடித்த பிறகுதான் செதுக்கலைப் பற்றி யோசிப்பார்கள்.