புறநகரில் ஒரு வீடு: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் அனுபவம்

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். இலுப்பையின் பெயரைத் தாங்கிய இலுப்பூரில் நாலு வருடம் பொறியியல் படித்துவிட்டுப் பிழைப்புக்காகச் சென்னை வந்த நம்மைப் போன்றவர்களுக்குப் புறநகர்தான் அந்தச் சர்க்கரை. மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ வீடு வாங்க நம் சம்பளம் காணாது. தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று தள்ளிப் போகிறோம். முன்பெல்லாம் நண்பர்கள் சந்தித்தால் "எந்தக் கம்பெனிடா?" என்பதுதான் முதல் கேள்வி. இப்போது "எங்கடா வீடு? ஸ்கூல் பக்கமா? தண்ணி எப்படி?" என்கிறார்கள். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் இதையே எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு கேள்வி. நம் பக்கத்து ஆட்கள் ஏன் பெரும்பாலும் தாம்பரம் பக்கமே குடியேறுகிறோம்? ஊருக்குப் போகிற ரயிலும் பஸ்ஸும் அந்த வழியாகத்தான் போகின்றன. வெள்ளிக்கிழமை ராத்திரி பெருங்களத்தூரில் பையோடு நின்று திருச்சி வண்டிக்குக் கை காட்டாதவர் நம்மில் யார்? 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு அந்தக் காத்திருப்பு இன்னும் கொஞ்சம் தெற்கே நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நகரத்தை விட்டு வெளியே குடிபோவது நாம் கண்டுபிடித்த விஷயமில்லை. 18ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரர்கள் கோட்டையை விட்டு வெளியே வந்து, எழும்பூர், நுங்கம்பாக்கம் பக்கம் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டார்கள். அது வசதி படைத்தவர் கதை. நடுத்தரக் குடும்பங்களுக்கு வழி பிறந்தது 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்த பிறகு. 1920களில் மாம்பலத்தில் நீண்டு கிடந்த பெரிய ஏரியை வடித்து மனை போட்டார்கள். இன்றைய தியாகராய நகர் அப்படி உருவானதுதான். 1961இல் வீட்டுவசதி வாரியம் வந்தது. 1968இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தையொட்டி அண்ணா நகர் வளர்ந்தது.

நம் தாம்பரத்தின் கதை வேறு மாதிரி. 1928இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து அங்கே காசநோய் மருத்துவமனை தொடங்கினார். நல்ல காற்றுதான் அன்று காசநோய்க்கு மருந்து. சானடோரியம் என்ற ஸ்டேஷன் பெயர் அதன் நினைவுதான். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் மின்சார ரயில் பாதை அது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு மாறியது. பத்தே வருடத்துக்குள் மருத்துவமனை, ரயில், கல்லூரி மூன்றும் வந்துவிட்டன. இன்று வீடு தேடுகிற தகப்பன் கேட்பதும் இதே மூன்றைத்தான்.

நானும் அந்த மூன்றை மட்டும்தான் கேட்டேன். நாலாவதாக ஒன்றைக் கேட்கத் தவறினேன்.

2015இல் முடிச்சூர்ப் பக்கம் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். மகளுக்கு எட்டு மாதம். டிசம்பர் 1ஆம் தேதி காலையிலிருந்து 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு பொங்கி வந்தது. ராத்திரி கட்டில் உயரம் தண்ணீர். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி வீட்டுக்கு ஓடினோம். அந்த அக்கா கதவைத் திறந்து, "உள்ள வாங்க, முதல்ல புள்ளைக்குத் துணி மாத்துங்க" என்றார். இரண்டு நாள் அவர்கள் போட்ட கஞ்சிதான் எங்களுக்குச் சாப்பாடு. கீழே இறங்கிப் பார்த்தபோது, நம் கல்லூரியில் வாங்கிய மதிப்பெண் பட்டியல்கள் சேற்றில் ஊறிக் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் துணிக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டுக் காய வைத்தேன். இன்றும் அவற்றில் காபி நிறக் கறை உண்டு.

அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 2019இல் சொந்தமாக ஒரு மனை பார்த்தேன். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பேங்க் லோன் எல்லாம் சரியாக இருந்தன. பக்கத்திலேயே பள்ளிக்கூடம், பார்க். என் மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஊரிலிருந்து அப்பாவை வரவழைத்துக் காட்டினேன்.

அப்பா மனையைப் பார்க்கவே இல்லை. பின்னால் உயர்ந்து போன ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏம்ப்பா, இந்த ரோடு ஏன் இங்க மட்டும் ஒசந்து போகுது?"

"அது ரோடுதாம்ப்பா."

"ரோடு இல்லப்பா, கரை. அந்தாண்ட ஏரி. கலிங்கு எங்க இருக்கு? ஏரி நெறஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போகும்?"

கூட வந்த புரோக்கருக்குப் பதில் தெரியவில்லை. சிவில் படித்த எனக்கும் தெரியவில்லை. மறுநாள் கிராம வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். நான் பார்த்த மனை, கலிங்குக்கு நேர் கீழே இருந்த பழைய வயல்.

அப்பா பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். அவருக்கு எப்படித் தெரிந்தது? நம் மாவட்டத்தில் பிறந்தவருக்கு இது தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வற்றாத ஆறு இல்லாத சீமை நம்முடையது. 1948இல் இந்தியாவோடு இணைகிற வரை தனிச் சமஸ்தானமாக இருந்தது. 1974இல் புதுக்கோட்டை மாவட்டமானது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் தந்த தண்ணீரில்தான் மக்கள் பிழைத்தார்கள். சோழர் காலத்துக் குமிழித் தூம்புகள் இன்றும் நம் பக்கத்துக் கண்மாய்களில் கல்வெட்டோடு நிற்கின்றன. கரை எது, மடை எது, கலிங்கு எது, தண்ணீர் வரும் வழி எது, போகும் வழி எது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வயலைப் பள்ளத்தில் வைத்து, வீட்டை மேட்டில் கட்டினார்கள். அதே அறிவு செங்கல்பட்டுப் பக்கத்து ஊர்களிலும் இருந்தது. ஊர்ப்பெயர்களைப் பாருங்கள்: பழவந்தாங்கல். தாங்கல் என்றால் சின்ன ஏரி. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' இருக்கிறது, ஏரியைக் காணோம். பெயரைத் தினமும் சொல்கிறோம், பொருளை மறந்துவிட்டோம்.

மனையை விட்டுவிட்டேன். அட்வான்ஸ் திரும்பவில்லை. வீட்டில் சண்டை. "ஏங்க, ஸ்கூல் நடந்து போற தூரம். எப்பவோ வர்ற மழைக்காக தினமும் புள்ளைய ஒரு மணி நேரம் பஸ்ல அனுப்பச் சொல்றீங்களா?" என்று மனைவி கேட்டதில் நியாயம் இருந்தது. கடைசியில் தாம்பரத்துக்குக் கிழக்கே ஒரு மேட்டுத் தெருவில், பழைய கட்டிடத்தில் முதல் மாடி வீடு வாங்கினோம். இரண்டு சின்ன அறை. பார்க் இல்லை. மகள் காலை ஏழு மணிக்கே பஸ் ஏறுகிறாள். அந்தக் குறை இன்றும் அவளுக்கு உண்டு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் என்று தெற்குப் புறநகரில் பல இடங்கள் மறுபடி மிதந்தன. எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை, ஆனால் தண்ணீர் ஏறவில்லை. வடிந்த பிறகு அந்தப் பழைய மனையைப் போய்ப் பார்த்தேன். யாரோ அழகாக வீடு கட்டியிருந்தார்கள். சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. காம்பவுண்டுச் சுவர் மேல் பள்ளிக்கூடப் புத்தகங்களை வரிசையாகக் காய வைத்திருந்தார்கள். என் மகள் வகுப்புப் புத்தகங்கள்தான். ரொம்ப நேரம் அங்கே நிற்க முடியவில்லை.

ஆகவே நண்பர்களே, வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இவ்வளவுதான். மாசி, பங்குனியில் போய்ப் பார்க்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் குடையோடு போங்கள். புரோக்கரைக் கேட்பதற்கு முன், அந்தத் தெருவில் இருபது வருடமாக டீக்கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள். பத்திரத்தோடு கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் பாருங்கள். சுற்றியுள்ள சர்வே எண்களில் ஏரி, ஓடை, வாய்க்கால் இருக்கிறதா என்று தேடுங்கள். முடிந்தால் ஊரிலிருந்து அப்பாவையோ தாத்தாவையோ ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்!