பிளாச்சிமடைக் கிணறுகள்

கேரளா என்றதும் நம்மில் பலருக்கு மழையும் காயலும்தான் ஞாபகம் வரும். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகா அப்படியில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி அது. பொள்ளாச்சியின் பக்கத்து நிலம். தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர். ஆழியாற்றுத் தண்ணீருக்காக இரண்டு மாநிலங்களும் 1970-இல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன என்றால், அங்கே தண்ணீரின் அருமை எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாலுகாவில், பெருமாட்டி பஞ்சாயத்தில் இருக்கிறது பிளாச்சிமடை. இரவாளர், மலசர் என்ற பழங்குடி மக்கள் வாழும் காலனிகள். பெரும்பாலும் கூலி வேலை. 2000-இல் பஞ்சாயத்தின் அனுமதியோடு கோக்க கோலா ஆலை இங்கே வந்தது. முப்பது ஏக்கருக்கும் மேல் நிலம். ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, நாளொன்றுக்குச் சுமார் 5 லட்சம் லிட்டர் எடுக்கப்பட்டதாகக் கணக்கு.

கொஞ்ச நாளில் ஆலையைச் சுற்றியிருந்த கிணறுகளில் மாற்றம் தெரிந்தது. அதை முதலில் கண்டுபிடித்தது எந்த ஆய்வுக்கூடமும் இல்லை, அடுப்படிதான். அரிசி சரியாக வேகவில்லை. தண்ணீர் கசந்தது. குளித்தால் உடம்பு அரித்தது. கால்சியமும் மக்னீசியமும் கூடிப்போனால் தண்ணீர் கடினமாகும். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நம் பாட்டிமார் இதை "உப்புத் தண்ணி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவார்கள். இங்கே அந்தத் தண்ணீரை விட்டால் வேறு கதியில்லை. கூலிக்குப் போகவேண்டிய பெண்கள் குடத்தோடு மைல்கணக்கில் நடந்தார்கள். தண்ணீர் எடுக்கப் போன நாளில் கூலியும் போச்சு.

2002 ஏப்ரல் 22-ஆம் தேதி ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ஆதிவாசித் தலைவர் சி.கே.ஜானு தொடங்கி வைத்தார். போராட்டத்தின் முகமாக ஆனவர் மயிலம்மா என்ற இரவாளர் பெண்மணி. பள்ளிப் படிப்பு இல்லாதவர். தன் கிணற்றில் என்ன நடந்தது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்க உலகமே வந்தது. 2004 ஜனவரியில் அங்கே நடந்த உலகத் தண்ணீர் மாநாட்டுக்கு வந்தனா சிவா, பிரான்சிலிருந்து ஜோசே போவே, கனடாவிலிருந்து மாட் பார்லோ எல்லாம் வந்தார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஆலைக் கழிவான சகதி, உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 2003-இல் பி.பி.சி. வானொலி அதை இங்கிலாந்தில் சோதித்துப் பார்க்க வைத்தது. காட்மியமும் ஈயமும் இருந்தன. காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தண்ணீர்ப் பஞ்சத்துக்கும் மாசுக்கும் தாங்கள் காரணமில்லை என்றே நிறுவனம் சொல்லி வந்தது.

பிறகு எல்லாம் கோர்ட் கதைதான். 2003-இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதற்குக் காவலாளிதான் என்று தீர்ப்புச் சொன்னார். 2004 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. 2005 ஏப்ரலில் டிவிஷன் பெஞ்ச், நல்ல மழை பெய்யும் ஆண்டில் நாளுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஆலை மறுபடி ஓடவேயில்லை. 2017-இல் இனி தொடங்கும் எண்ணமில்லை என்று நிறுவனமே அங்கே சொல்லிவிட்டது.

ஜெயித்துவிட்டார்கள் என்று கதையை இத்தோடு முடிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் 2010-இல் மாநில அரசின் உயர்மட்டக் குழு கணக்கிட்ட நஷ்டம் 216.26 கோடி ரூபாய். அதில் உடல்நலப் பாதிப்புக்கு மட்டும் 30 கோடி. இழப்பீட்டுக்குத் தனித் தீர்ப்பாயம் கேட்டு 2011 பிப்ரவரியில் கேரள சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை, அது சட்டமாகவில்லை. மயிலம்மா 2007 ஜனவரியிலேயே போய்விட்டார்.

2021-இல் கொரோனா வந்தபோது, பூட்டிக் கிடந்த அதே ஆலைக் கட்டடம் சிகிச்சை மையமானது. 550 படுக்கைகள். மக்களைக் காக்கத்தான் அந்தக் கதவு திறந்தது, சரிதான். ஆனால் வாசலில் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தவர்களின் உடல்நலக் கணக்கு இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.

இங்கே நமக்குக் குழாய்த் தண்ணீரின் சோதனை முடிவு ஆண்டுதோறும் வீடு தேடி வருகிறது. பிரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போடுகிறோம். பிளாச்சிமடைக்காரர்களுக்கு அப்படி ஒரு தாள் யாரும் அனுப்பவில்லை. வேகாத சோறுதான் அவர்களுக்குச் சோதனை முடிவு. அதை நம்பி அவர்கள் எழுந்து வந்தார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, "தண்ணி முன்ன மாதிரி இல்ல" என்று யாராவது சொன்னால், பாட்டில் தண்ணீர் வாங்கி வைத்துவிட்டு நகராமல், எப்போதிலிருந்து என்று கேளுங்கள்.