முக்கிளை நரம்பு வலி

முகத்தின் ஒரு பக்கத்தில் மின்சாரம் பாய்ந்தாற்போல் சுரீரென்று வெட்டி இழுத்து, சில நொடிகளில், மிஞ்சினால் இரண்டு நிமிடங்களில் அடங்கும் நாள்பட்ட நோய். பல் துலக்கினாலும் சோற்றை மென்றாலும் கன்னத்தில் காற்றுப் பட்டாலும் மறுபடி வெட்டும். பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, கூடுதலாக வருகிறது.

1756இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரே இதைத் தனி நோயாக விவரித்துப் பெயரிட்டார்; 1773இல் லண்டனில் ஜான் ஃபாதர்கில் அறிகுறிகளைத் தெளிவாக எழுதிவைத்தார். குற்றவாளி எந்த நரம்பு என்பதுதான் புலப்படவில்லை. முகத்தசையை அசைக்கும் ஏழாம் நரம்பை அறுத்தவர்கள் உண்டு. வலி அப்படியே இருக்க, வாய் கோணிப்போனது. அசைவு ஏழாம் நரம்பின் வேலை, முகத்தின் உணர்வு முக்கிளை நரம்பு எனப்படும் ஐந்தாம் நரம்பின் வேலை என்று 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சார்லஸ் பெல் முதலியோரின் ஆய்வுகள் காட்டிய பிறகே அந்தக் கொடுமை நின்றது.

மூளைத்தண்டருகே இரத்தக்குழாய் ஒன்று ஐந்தாம் நரம்பை அழுத்துவதை 1934இல் வால்டர் டேண்டி எழுதினார். 1960களில் பீட்டர் ஜனெட்டா நுண்ணோக்கியின் துணையோடு குழாயை விலக்கி, இடையில் மெத்தை வைக்கும் அறுவையை வளர்த்தார். தமிழகத்தில் நரம்பியல் அறுவை 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியாலும், 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பா. இராமமூர்த்தியாலும் வேரூன்றியது.

அறுவைக்கு வழியில்லாத ஏழைகளுக்குப் பெரிய விடிவு 1962இல் வந்தது. வலிப்புக்கான கார்பமசெபின் இவ்வலியை அடக்குவதை சுவீடனின் ப்ளூம் அறிவித்தார். இன்றும் முதல் மருந்து அதுவே. ‘எனக்கு வலிப்பு இல்லையே’ என்று பயந்து நிறுத்திவிடக் கூடாது. சிறு அளவில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ கண்டால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இந்நோயை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை கிடையாது. நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதுதான் பரிசோதனை. எம்.ஆர்.ஐ., கட்டி போன்ற பிற காரணங்களைத் தேடவும் அழுத்தும் குழாயைக் காணவும் உதவும். தாடையில் வெட்டுவதால் பல்வலி என்றெண்ணி, நல்ல பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டவர்கள் உலகெங்கும் உண்டு. அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம் ஊர் மக்கள், சொத்தையில்லாத பல்லைப் பிடுங்கச் சம்மதிக்கும் முன், அங்கே போய் ஒருமுறை காட்டிவிடுங்கள்.