பாசிக்குடாவில் ஒரு குடும்ப வைத்தியரைத் தேடுவது எப்படி?

சுவிஸிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள், ஊரில் தனித்திருக்கும் தாய் தகப்பனைப் பற்றிக் கவலைப்படும்போது இரண்டு கேள்விகள் வரும். "அவங்கள வழக்கமாப் பார்க்கிற டொக்டர் யார்? காப்புறுதி ஏதும் இருக்குதா?" பிரித்தானியாவில் மக்கள் தமது பகுதி ஜி.பி.யிடம் பதிந்துகொள்கிறார்கள். நோர்வேயில் 2001ஆம் ஆண்டு முதல் ஒவ்வொருவருக்கும் நிரந்தர வைத்தியர் ஒருவரைக் குறித்துவைக்கும் முறை உண்டு. அந்த நடைமுறைக்குப் பழகியவர்கள் பாசிக்குடாவிலும் அதையே தேடுவது இயல்பு.

ஆனால் பொதுக் காப்புறுதி அட்டையை ஏற்கும் வைத்தியர் என்று இங்கே எவரும் இல்லை. அப்படியொரு அட்டையே இலங்கையில் இல்லை. 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1971இல் ஒரு சிறு கட்டணம் மீண்டும் வந்து, 1977இல் அதுவும் போனது. வரிப்பணத்தில் நடக்கும் இந்த இலவசச் சேவைதான் எங்களுக்கான காப்புறுதி. அது பிரசவம் முதல் பெரிய சத்திரசிகிச்சை வரை தருகிறது. தராதது ஒன்று உண்டு: எங்களைத் தொடர்ந்து பார்த்து, எங்கள் உடம்பின் கதையைத் தெரிந்து வைத்திருக்கும் ஒரு வைத்தியர். போரைக் கடந்து வந்த குடும்பங்களுக்கு இந்தக் குறை மற்றவர்களை விடக் கூடுதலாக வலிக்கிறது.

போர்க் காயமும் தொலைந்த கொப்பிகளும்

1990 இடப்பெயர்வு, 2004 சுனாமி, 2006–07 வாகரை யுத்தம் என்று இந்தக் கரையோரம் திரும்பத் திரும்ப வீடு இழந்தது. 2006இன் இறுதியில் வாகரை வைத்தியசாலையையும் அதன் சுற்றுப்புறத்தையும் நம்பி ஆயிரக்கணக்கானோர் அடைக்கலம் தேடினர். 2007 ஜனவரியில் அங்கிருந்து வெளியேறியவர்களில் பலர் வாழைச்சேனைப் பக்கம் வந்து சேர்ந்தனர். உயிரோடு வந்தார்கள், கிளினிக் கொப்பியும் எக்ஸ்ரேயும் வரவில்லை. எப்போது, எங்கே, யார் என்ன சத்திரசிகிச்சை செய்தார்கள் என்பது பலருக்கு வாய்ப்பேச்சாக மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

இது ஏன் முக்கியம் என்பதற்கு மூன்று காரணங்கள்.

ஒன்று, உடலுக்குள் இருக்கும் செல் துண்டு. "பீஸ் இருக்கு, ஆனா ஒன்றும் செய்யல்ல" என்று பலர் சொல்வார்கள். இரும்புத் துண்டு உள்ள ஒருவரை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அனுப்பினால், காந்தத்தின் இழுப்பில் அது அசையவோ சூடாகவோ கூடும். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றின் அருகில் இருந்தால் ஆபத்து பெரிது. ஸ்கேன் எடுக்க முன்னர் சொல்லவேண்டும். முடிந்தால் முதலில் சாதாரண எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும். மூட்டுக்குள் தங்கிவிட்ட துப்பாக்கி ரவையிலிருந்து ஈயம் வருடக்கணக்காக இரத்தத்தில் கலக்கவும் இடமுண்டு.

இரண்டு, காலை இழந்தவருக்கு வரும் நீரிழிவு. எஞ்சியிருக்கும் ஒற்றைக் கால்தான் அவருடைய நடமாட்டம் முழுவதும். அந்தப் பாதத்தில் வரும் சிறு புண்ணையும் மாதாமாதம் பார்க்க ஒருவர் வேண்டும்.

மூன்று, மனம். நெஞ்சு இறுக்கம், தலையிடி, நித்திரையின்மை என்று வருகின்றவர் பத்து நிமிடத்தில் பனடோலுடன் திரும்பிவிடுவார். அவர் யாரை இழந்தவர், எப்போதிருந்து நித்திரை இல்லை என்பது தெரிந்த வைத்தியர்தான் சரியான இடத்துக்கு வழிகாட்டுவார்.

அரச சேவைக்குள் தேடுவது

பாசிக்குடா, கல்குடா மக்களுக்கு மிக அருகில் உள்ள பெரிய அரச வைத்தியசாலை வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வரிசையில் நிற்கின்ற இடம் அது. அதற்கு மேல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. காய்ச்சல், இருமலுக்கு வெளிநோயாளர் பிரிவுக்குப் போகலாம். நீரிழிவு, குருதி அமுக்கம், ஆஸ்துமா போன்ற நாட்பட்ட நோய் உள்ளவர்கள் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்காமல் கிளினிக்கில் பதிவது நல்லது. வெளிநோயாளர் பிரிவில் ஒவ்வொரு முறையும் வேறு வைத்தியர். கிளினிக்கில் பெரும்பாலும் அதே குழு, அதே கொப்பி.

நோய் எதுவும் தெரியாதவர்களும் போகவேண்டிய இடம் ஒன்று உண்டு. 35 வயதைக் கடந்தவர்களின் குருதி அமுக்கம், சீனி, உடற்பருமன், இருதய நோய் அபாயம் ஆகியவற்றை இலவசமாகச் சோதிக்கும் நிலையங்கள் நாடு முழுவதும் 2011 முதல் ஆரம்பிக்கப்பட்டன. வைத்தியசாலை ஊழியர்கள் இதை எச்.எல்.சி. என்பார்கள். பெண்களுக்கு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக நடக்கும் 'வெல் வுமன்' கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை இலவசம். உங்கள் வட்டாரக் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2018இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட கொள்கை, ஒவ்வொரு குடும்பத்தையும் அருகிலுள்ள ஆரம்பச் சிகிச்சை நிலையத்துடன் இணைத்து, தனிப்பட்ட சுகாதார இலக்கம் கொடுப்பதை நோக்கமாகக் கொண்டது. அந்த இலக்கம் எழுதிய அட்டையை உங்களுக்குத் தந்திருந்தால் பத்திரப்படுத்துங்கள். கணினியில் உங்கள் பதிவைத் திறப்பது அதுதான்.

ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். அரச வைத்தியர்களுக்கு இடமாற்றம் உண்டு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் நாட்டை விட்டுப் போனவர்களும் பலர். இன்று பழகியவர் அடுத்த வருடம் இருக்கமாட்டார் என்று எண்ணியே உங்கள் ஆவணங்களை ஒழுங்குபடுத்துங்கள்.

மாலையில் திறக்கும் டிஸ்பென்சரி

அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியாக நோயாளரைப் பார்க்க அனுமதி உண்டு. காலையில் வைத்தியசாலையில் பார்த்தவரே மாலையில் கடைத்தெரு டிஸ்பென்சரியில் இருப்பது இதனால்தான். ஊரில் நிலைத்திருக்கும் மூத்த வைத்தியர் ஒருவர் கிடைத்தால் குடும்பம் முழுவதும் அவரிடமே போவது நல்லது. கட்டணம் உங்கள் கையிலிருந்து போகும். ஆனால் தொடர்ச்சி கிடைக்கும்.

பெயர்ப்பலகையைப் படிக்கப் பழகுங்கள். எம்.பி.பி.எஸ். என்பது அடிப்படைப் பட்டம். அதன் பின்னால் டி.எப்.எம். அல்லது எம்.டி. குடும்ப மருத்துவம் என்றிருந்தால் அவர் இதற்கென்றே மேற்படிப்புப் படித்தவர். மேற்கத்திய மருத்துவர் எவருக்கும் இலங்கை மருத்துவ சபையின் பதிவு இலக்கம் இருக்கவேண்டும். அதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. சித்த, யூனானி, ஆயுர்வேத வைத்தியர்களுக்குப் பதிவு வேறு சபையில். அவர்களிடம் மருந்து எடுத்தால் மற்ற வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

போர்க்காலத்தில் எம்.பி.பி.எஸ். வைத்தியர்கள் வராத பல ஊர்களில் உதவி மருத்துவ அதிகாரிகளே வைத்தியசாலைகளைத் தாங்கினார்கள். ஆக, அனுபவம் என்பது பட்டத்தில் மட்டும் இல்லை. உங்களைப் பேசவிடுகிறாரா, பழைய மருந்தைக் கேட்கிறாரா, தன்னால் முடியாததைப் பெரிய வைத்தியசாலைக்கு எழுதிக் கொடுக்கிறாரா என்று பாருங்கள்.

காப்புறுதி என்று இருப்பவை

அரச ஊழியர்களுக்கு 'அக்ரஹார' உண்டு. சம்பளத்திலிருந்து மாதாந்தம் கழிக்கப்படும் இது முக்கியமாக விடுதியில் தங்கிப் பெறும் சிகிச்சை, சத்திரசிகிச்சை, பிரசவம், மூக்குக்கண்ணாடி போன்றவற்றுக்கானது. மாலை டிஸ்பென்சரிக் கட்டணத்துக்கு அதை நம்ப வேண்டாம். பாடசாலை மாணவர்களுக்கு 2017இல் 'சுரக்ஷா' காப்புறுதி தொடங்கியது. தற்போதைய நிபந்தனைகளைப் பாடசாலை அலுவலகத்தில் கேளுங்கள். மீனவருக்கும் கூலித் தொழிலாளிக்கும் இந்த இரண்டுமே இல்லை. பெரிய சத்திரசிகிச்சைச் செலவு வந்தால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். முன்பு கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது; 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம்.

அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மனம் தாங்காத நேரத்தில் பேச, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இருக்கிறது.

ஒரு தாள், ஒரு பை

எந்த வைத்தியரிடம் போனாலும் கையில் இருக்கவேண்டியது ஒரு தாள். அதில் இவற்றை எழுதுங்கள்: பெயர், பிறந்த வருடம், இரத்த வகை, ஒவ்வாத மருந்துகள், இப்போது எடுக்கும் மருந்துகளும் அளவும், செய்த சத்திரசிகிச்சைகள், காயம் பட்ட வருடமும் இடமும், உடலில் துண்டு இருந்தால் அது எங்கே என்பது, அவசரத்தில் அழைக்கவேண்டியவரின் தொலைபேசி இலக்கம். வருடம் சரியாகத் தெரியாவிட்டால் "சுனாமிக்கு முந்தி" என்று எழுதினாலும் வைத்தியருக்கு உதவும்.

விடுதியிலிருந்து துண்டு வெட்டும்போது தரும் நோய் நிர்ணய அட்டை ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டுக்கு வருமுன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தாதியிடமோ வைத்தியரிடமோ தமிழில் கேட்டு, பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அட்டைகளையும் கிளினிக் கொப்பியையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, அடையாள அட்டை இருக்கும் இடத்திலேயே வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்து வெளிநாட்டுப் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள். கடலோ மழையோ திரும்ப வந்தாலும் அந்தப் பிரதி தப்பும்.

வைத்தியர்கள் மாறிக்கொண்டிருக்கும் ஊரில், உங்கள் உடம்பின் கதையை நினைவில் வைத்திருக்கப்போவது அந்தப் பைதான். ஒரு நல்ல வைத்தியர் கிடைக்கும் நாளில், அவர் உங்கள் குடும்ப வைத்தியராக ஆரம்பிப்பதும் அதைத் திறந்துதான்.