ரத்தக் கொழுப்பைக் கட்டுப்படுத்த எந்த எண்ணெய், எவ்வளவு?

செக்கு எண்ணெய்க்கு மாறிவிட்டால் கொலஸ்ட்ரால் மாத்திரை வேண்டாம் என்று கிராமங்களில் பலர் நம்புகிறார்கள். இது ஆபத்தான நம்பிக்கை. செக்கில் ஆட்டினால் மணமும் சில நுண்சத்துகளும் காக்கப்படும். ஆனால் எண்ணெயில் உள்ள கொழுப்பின் தன்மையைத் தீர்மானிப்பது வித்துதான், செக்கு அல்ல.

எண்ணெய்களில் நிறைவுற்ற கொழுப்பு (தோராயமாக, சதவீதத்தில்)

• தேங்காய் எண்ணெய் – 90
• பாமாயில் – 50
• தவிட்டு எண்ணெய் – 20
• கடலை எண்ணெய் – 18
• நல்லெண்ணெய் – 15
• சூரியகாந்தி எண்ணெய் – 11

நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு உயரும். தேங்காய் எண்ணெய், பாமாயில், நெய், வனஸ்பதி ஆகியவற்றைக் குறைத்து, அந்த இடத்தில் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தவிட்டு எண்ணெய் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் அது குறையும். தவிட்டு எண்ணெயில் உள்ள ஒரைசனாலும் இதற்கு உதவும்.

அளவு முக்கியம்

எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. கொழுப்பு அதிகம் உள்ளவர்கள் நாளொன்றுக்கு 4 முதல் 5 தேக்கரண்டிக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 லிட்டரைத் தாண்டக்கூடாது. பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சக்கூடாது.

ஆளி விதையும் பாசி எண்ணெயும்

ஆளி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் ஒமேகா-3 கொழுப்பு உள்ளது. ஆனால் உடல் இதில் மிகச் சிறிய பங்கையே மீனில் உள்ள டி.எச்.ஏ. வகையாக மாற்றும். இந்த எண்ணெய் சூட்டில் கெடும் என்பதால் தாளிக்க உதவாது. விதையை அவ்வப்போது பொடித்து உணவில் சேர்க்கலாம்.

மீனுக்கே டி.எச்.ஏ. கிடைப்பது பாசியிலிருந்துதான். எனவே சைவ உணவு உண்பவர்களுக்குப் பாசி எண்ணெய் மாத்திரை ஒரு வழி. இது குறைப்பது முக்கியமாக ட்ரைகிளிசரைடு எனும் கொழுப்பை, எல்.டி.எல்.லை அல்ல. அதற்கும் நாளொன்றுக்கு 2 முதல் 4 கிராம் ஒமேகா-3 தேவை என்பதால் மருத்துவர் சொன்னால் மட்டுமே எடுக்க வேண்டும். நம் பகுதிகளில் வளர்க்கப்படும் ஸ்பைருலினா எனும் சுருள்பாசியில் டி.எச்.ஏ. இல்லை என்றே சொல்லலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எண்ணெய் ஆட்டும் விவசாயிகளுக்கு

• பூசணம் பிடித்த, சுருங்கிய கடலையைப் பொறுக்கி நீக்கிய பிறகே ஆட்ட வேண்டும். அஃப்ளாடாக்சின் நச்சு எண்ணெயிலும் கலக்கும்.
• கிர்னார் 4, கிர்னார் 5 ஆகிய கடலை ரகங்களில் ஒலியிக் அமிலம் சுமார் 80 சதவீதம் உள்ளது. இந்த எண்ணெயில் எளிதில் சிக்கு வாடை வராது, இதயத்துக்கும் நல்லது.
• 'கொலஸ்ட்ராலைக் குணப்படுத்தும்' என்று சொல்லி விற்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

வெறும் வயிற்றில் ட்ரைகிளிசரைடு 150 மி.கி.க்குள் இருப்பது நல்லது. 500ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் அபாயம் உண்டு. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மதுவை விடுவதும், சர்க்கரையையும் அரிசிச் சோற்றின் அளவையும் குறைப்பதும் இதைக் கணிசமாகக் குறைக்கும். எண்ணெயை மாற்றிய பிறகும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்து, முடிவை மருத்துவரிடம் விடுங்கள்.